மதகின் சாவி: நகர நீர் வழங்கலில் தனியாரும் அரசும்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை அளித்த பெருங்கொடை. ஆழமும் அரணும் ஒருங்கே அமைந்த அவ்விரிகுடாவைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சியரும் பிரித்தானியரும் மாறிமாறி விரும்பினர். 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படை அதனை விட்டகலவில்லை. ஆயினும் இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பின் கரையில் வாழும் மக்கள் குடிக்கும் நீரை அந்நீர்ப்பரப்புத் தருவதில்லை. கடலை அண்டிய கிணறுகள் கச்சான் வீசும் மாதங்களில் உவர்ப்பேறுவது இயல்பு. நகரின் குழாய்நீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருகின்றது. துறைமுகத்துக் கப்பல்கள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, கடற்படைத் தளம், உல்லாச விடுதிகள், கரையோர மீனவர் குடியிருப்புகள் ஆகிய யாவும் நன்னீரை வேண்டி நிற்பன. அதே குளத்து நீரை நம்பியே கந்தளாய், தம்பலகாமத்து வயல்களும் விளைகின்றன.

இத்தகைய ஒரு நகரில் நீர் வழங்கும் தொழிலைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாமா? ஒப்படைத்தால் அரசின் கடமை அத்துடன் முடிந்துவிடுமா, அன்றி அப்பொழுதுதான் தொடங்குமா? பொருளியலாளர் இவ்வினாவைச் செலவும் வரவும் பற்றிய கணக்காகக் காண்பர். அரசியலாளர் கட்சிக் கொள்கையாகக் காண்பர். ஆயின் இவ்விரண்டிற்கும் அடியில் அறவினா ஒன்று உள்ளது. விலகிச் செல்ல வழியில்லாத ஒருவன்மீது மற்றொருவன் கொள்ளும் அதிகாரத்தை எது நெறிப்படுத்துவது என்பதே அவ்வினா.

நீரும் உடைமையும்

நீர் எவர்க்கும் உடைமையாகாது என்னும் கருத்துத் தொன்மையானது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை யாவர்க்கும் பொது என உரோமப் பேரரசன் யுஸ்தினியன் தொகுப்பித்த சட்டநூல் வகுத்தது. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்த அறிவுரையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மறுமைப் பயனையும் வெற்றியையும் புகழையும் விரும்பும் அரசன் நிலம் தாழ்ந்த இடங்களில் நீரைத் தேக்கவேண்டும் என்பது அப்புலவரின் கருத்து. நீரைத் தேக்கித் தருதல் அரசனின் தொழில்களுள் ஒன்றாக மட்டுமன்றி, அவன் அரசனாக நிலைப்பதற்கே காரணமாக அங்கு வைக்கப்பட்டுள்ளது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்தின் பொருட்டு அமைத்தான் என்று தமிழ் மரபு கூறும். இரண்டாம் அக்கபோதி அமைத்தான் என்று சிங்கள மரபு கூறும். இரு மரபுகளும் ஒன்றில் உடன்படுகின்றன: குளம் அமைத்தல் ஆள்வோனின் கடமை.

எனினும், நீர் பொதுவானது என்பதனாலேயே குழாய்நீருக்கு விலை பெறுதல் அறமன்று எனக் கூறிவிட முடியாது. ஊற்றில் ஓடும் நீர் அனைவருக்கும் உரியது, குடத்தில் எடுத்த நீரோ எடுத்தவனுக்கு உரியது என ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக் தம் அரசியல் நூலில் வாதிட்டார். குளத்து நீரைத் தூய்மையாக்கி, குழாய் பதித்து, இயந்திரம் கொண்டு இறைத்து, வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதில் மனித உழைப்பு உண்டு. அவ்வுழைப்புக்குக் கூலி வேண்டும். அரசே வழங்கினும் அச்செலவை வரியாகவோ கட்டணமாகவோ மக்களே ஏற்கின்றனர். ஆகவே காசு வாங்குவதே குற்றம் என்போர் வாதம் நெடுந்தூரம் செல்லாது.

ஆயினும் லொக்கின் உவமையில் மறைந்துள்ள நிபந்தனை ஒன்றை மறத்தலாகாது. ஒருவன் எடுத்துக்கொண்ட பின்னரும் பிறர்க்குப் போதிய அளவும் அதே தரமும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதை அவரே வற்புறுத்தினார். ஊற்றுக்குச் செல்லும் வழி எல்லார்க்கும் திறந்திருக்கும்வரையே குடத்து நீர் குடம் உடையவனுடையதாகும். ஊற்றையே ஒருவன் குழாய்க்குள் அடைத்துவிட்டால், குடத்தைப் பற்றிய நியாயம் குழாய்க்குப் பொருந்தாது.

சந்தையும் குழாயும்

சந்தையில் காய்கறி விற்பவன் விலையை உயர்த்தினால் வாங்குபவன் அடுத்த கடைக்குச் செல்வான். விற்பவனை அடக்கிவைப்பது வாங்குபவனுடைய கால்களே. ஒரு தெருவின் கீழ் ஒரு குழாயே செல்லும்; இரண்டாவது குழாயைப் பதித்தல் வீண்செலவு. வீட்டை விட்டுப் பெயர்ந்தாலன்றி அக்குழாயினின்று விலக எவராலும் இயலாது. இத்தகையவனை வாடிக்கையாளன் எனும் சொல்லால் அழைத்தல், அவனுக்கு இல்லாத ஓர் உரிமையை இருப்பதாகக் காட்டுவதாகும்.

இதனைத் தெளிவாகக் கண்டவர் யோன் ஸ்டுவர்ட் மில். தனிமனித சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞரான அவர், 1848இல் வெளியிட்ட பொருளியல் நூலில், நகர நீரும் எரிவாயுவும் போட்டிக்கு இடமளிக்காத தொழில்கள் என்றும், அவற்றைப் பொதுப்பணியாகக் கருதி அரசு நடத்துதல் வேண்டும் அல்லது நிறுவனத்தை நிபந்தனைகளால் கட்டுப்படுத்துதல் வேண்டும் என்றும் எழுதினார். 1851இல் இலண்டன் நீர் வழங்கல் பற்றி எழுதியபோதும் இக்கருத்தையே வலியுறுத்தினார். சுதந்திரத்தைப் போற்றிய ஒருவர் இம்முடிவுக்கு வந்தமை முரண்பாடு அன்று. தெரிவு இல்லாத இடத்தில் சுதந்திரம் இல்லை. அங்கு கட்டுப்பாட்டை நீக்குதல் வலியவனுக்கு மட்டுமே விடுதலை தரும்.

மில் எழுதிய காலத்தில் இலண்டன் நீர் பல தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. 1854இல் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் யோன் ஸ்னோ தென் இலண்டனில் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் இரு வெவ்வேறு கம்பனிகளிடம் நீர் பெற்றன. ஒரு கம்பனி நகரக் கழிவு கலவாத மேற்புறத்திலிருந்து தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. மற்றது கழிவு கலந்த பகுதியிலிருந்தே எடுத்தது. பின்னையதன் நீரைப் பருகிய வீடுகளில் மரணம் பன்மடங்காக இருந்தது. எந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாதவாறே மக்கள் மாண்டனர். நீர் எடுக்கும் இடத்தை மாற்றுமாறும் வடிகட்டுமாறும் கம்பனிகளைப் பணித்த சட்டம் 1852இல் இயற்றப்பட்டிருந்தது. அது தந்த அவகாசம் முடியுமுன்னரே அந்நோய் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத தரத்தை வாங்குபவன் தானே சோதிக்க இயலாது. அவன் சார்பில் சோதிக்க ஒருவர் வேண்டும்; அவ்வொருவர் விற்பவராக இருத்தல் கூடாது. கட்டுப்பாட்டின் முதல் நியாயம் இதுவே.

அனுபவம் காட்டுவது

இங்கிலாந்தின் பிற்கால வரலாறு கண்காணிப்பின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டுகின்றது. 1989இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நீர் வழங்கல் தனியார்க்கு விற்கப்பட்டபோது, கட்டணத்தை வரையறுக்க ஒரு பொருளாதார ஒழுங்காளரும் நியமிக்கப்பட்டார். 1999ஆம் ஆண்டின் சட்டம், கட்டணம் செலுத்தாத குற்றத்திற்காக வீடுகளின் நீரைத் துண்டிப்பதைத் தடைசெய்தது. இது சிறந்த அறச்செயல். மறுபுறம், கடனின்றிக் கைமாறிய கம்பனிகள் பின்னர் பெருங்கடன் சுமந்தன. பங்குதாரர்க்கு இலாபம் பகிரப்பட்டது. கழிவுநீர் ஆறுகளிற் கலந்தது. 2025இல் தேம்ஸ் நீர் நிறுவனத்துக்கு 12 கோடி 27 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஒழுங்குபடுத்தும் அமைப்பையே கலைத்துப் புதியது அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. கட்டணத்தைக் காத்த காவலன் கடனைக் கவனியாதிருந்தான் என்பதே அவ்வமைப்பின்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. 1999இல் அந்நகரின் நீர் வழங்கல் பன்னாட்டுக் கம்பனி ஒன்று முதன்மை பெற்ற கூட்டு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டணம் திடீரென உயர, மக்கள் வீதிக்கு இறங்கினர்; ஏப்பிரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அவ்வெற்றி உலகெங்கும் பாடப்பட்டது. ஆயின் பொது நிறுவனத்திடம் நீர் மீண்டபின்னும் நகரின் தென்புறத்து ஏழைகள் பலர்க்கு நெடுங்காலம் குழாய் எட்டவில்லை. அவர்கள் பவுசர் நீரையே விலைக்கு வாங்கினர். உடைமையாளன் மாறினால் நீதி தானே வந்துவிடும் எனும் நம்பிக்கை இரு திசையிலும் பொய்த்தது.

தமிழகத்தின் திருப்பூரில், தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நீர் வழங்கவென 1995இல் அரசும் தனியாரும் இணைந்த நிறுவனம் உருவாகி, அந்நூற்றாண்டின் பின் நீர் வழங்கத் தொடங்கியது. சாயப்பட்டறைகளிடம் உயர்ந்த விலையும் குடிநீருக்குக் குறைந்த விலையும் பெறுவது திட்டம். வசதி உள்ளவனிடம் பெற்று இல்லாதவனுக்கு அளிக்கும் அவ்வேற்பாடு பாராட்டத்தக்கதே. ஆனால் நொய்யலாற்றை மாசுபடுத்திய பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டதும், நீர் வாங்குவோர் குறைந்து நிறுவனம் நெருக்கடிக்குள்ளாயிற்று. நீரைக் கெடுப்பவன் வாங்கும் நீரை நம்பியே ஏழையின் குடிநீரை அமைத்தல் எத்துணை இடர் என்பதை அது உணர்த்தியது.

இலங்கையின் நிலை

இலங்கையில் நகர நீர் வழங்கல் தனியார்மயமாகவில்லை. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1975இல் அமைந்த தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையே திருகோணமலை நகருக்கும் நீர் வழங்குகின்றது. ஆனால் தனியார் பங்கேற்புக்கான முயற்சி நடவாமலில்லை. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்து, மின்சாரத்தையும் நீர்ச் சேவையையும் அதன் எல்லைக்குள் கருதியது. 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம் வெளியாயிற்று. தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் எதிர்த்தன. மாகாண சபைகளுக்குரிய விடயங்களை அச்சட்டமூலம் தொடுவதால் அச்சபைகளின் கருத்தை அறியாது அதனைக் கொண்டுசெல்ல முடியாது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நின்றது.

இத்தீர்ப்பின் நிழலில் திருகோணமலை வாசிகளின் நிலை தனித்துவமானது. வடகிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் அவர்களுடைய நகரமே. ஆயினும் அச்சபை 1990இல் கலைக்கப்பட்டதால், 2003இல் கருத்துக் கேட்கப்படுவதற்கு அங்கு தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. 2008இல் கிழக்கு மாகாண சபை தேர்தலால் அமைந்தது. அதன் காலமும் 2017இல் முடிந்தது. கேட்கப்படவேண்டும் என்று சட்டம் கூறும் குரல், எழுவதற்கு மன்றமின்றிப் போனமை சிந்திக்கத்தக்கது.

சட்டமூலத்தை எதிர்த்தோரின் அச்சம் நியாயமானது. ஆனால் விற்பனையோடு கண்காணிப்பும் நின்றுபோயிற்று. மின்துறையில் கட்டண உயர்வுக்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட ஆணைக்குழு, தனிச்சட்டம் இன்மையால் நீர்த்துறையில் அவ்வதிகாரத்தைச் செலுத்த இயலாது போயிற்று. 2022இலும் 2023இலும் நீர்க் கட்டணம் உயர்ந்தபோது வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அதற்குமுன் சுயாதீனமான ஒருவர் கணக்கைச் சோதித்து மக்களிடம் காரணம் கூறும் மரபு வரவில்லை. வழங்குபவரே அளப்பவரும், அளப்பவரே தீர்ப்பவருமாக இருத்தல் அரச நிறுவனத்திற்கு மட்டும் பொருந்துமா?

சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளை எவரிடம் ஒப்படைப்பது என்பது பற்றி 2003இலும் 2022இலும் நாடே வாதிட்டது. தாங்கிகள் கண்ணுக்குத் தெரிவன. குழாய் மண்ணுக்குள் இருக்கின்றது. அதனை யார், எந்த நிபந்தனையில் நடத்துகின்றனர் என்னும் வாதம் அத்துணை உரக்க எழவில்லை.

மதகு தரும் பாடம்

நீரைக் கையிற் கொண்டவன் வணிகனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2006 யூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. மதகு அன்று விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தது. தம் பகுதி மக்களுக்கான நீர்த்திட்டம் தடைப்பட்டமை அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. கீழ்ப்புறத்தில் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் நீரின்றித் தவித்தன. அரசு படைநடவடிக்கையில் இறங்கியது. அங்கு தொடங்கிய போர் மூதூரையும் வாகரையையும் இடம்பெயரச் செய்து மேலும் பரந்தது. அம்மதகைச் சுற்றி நின்ற எத்தரப்பும் இலாபம் தேடும் கம்பனி அன்று. எனினும் நீர் ஆயுதமாயிற்று. இழந்தோர் வயலில் நின்ற மக்களே. அவர்களுள் மூவினத்தோரும் இருந்தனர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனின், மதகின் சாவி எவர் கையில் இருப்பினும் அக்கை ஒரு நெறிக்குக் கட்டுப்படாவிடில் ஆபத்தே என்பதாம். கம்பனி இலாபத்திற்காக அடைக்கலாம். அரசு அலட்சியத்தால் அடைக்கலாம். ஆயுதம் ஏந்தியவன் அதிகாரத்திற்காக அடைக்கலாம். தாகத்தால் வாடுபவனுக்கு இக்காரணங்களிடையே வேறுபாடு தோன்றாது. 1986 ஏப்பிரலில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குளம் அரசின் உடைமையாகவே இருந்தது. உடைமை பொதுவாயிருப்பது மட்டும் காவலாகாது.

நீதிமன்றம் இருக்கின்றதே எனலாம். சுன்னாகத்தில் தனியார் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது; கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்களின் தவறையும் சுட்டியது. அது போற்றத்தக்க தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் கிணறு கெட்டபின் வருவது. கண்காணிப்பாளன் கெடுமுன் வரவேண்டியவன்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

கட்டுப்பாடு என்பது தனியார்மயத்துக்குப் பூசும் சந்தனமே எனச் சிலர் மறுப்பர். வறிய நாட்டின் சிறு அலுவலகம் ஒன்று, சட்டத்தரணிகளையும் கணக்காளர்களையும் படையெனக் கொண்ட பெருங்கம்பனியை எங்ஙனம் அடக்கும்? கண்காணிப்பாளனே கம்பனியின் நண்பனாவதில்லையா? செல்வம் மிக்க இங்கிலாந்திலேயே தவறிய ஒன்று இங்கு வெல்லுமா?

இம்மறுப்பு வலிமையானது. அதனை ஏற்றுக்கொண்டே ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். கண்காணிக்க வலுவில்லாத அரசுக்கு ஒப்படைக்கும் உரிமையும் இல்லை. பணியை ஒருவரிடம் கொடுக்கலாம். கடமையைக் கொடுக்க முடியாது. பிள்ளையைப் பராமரிக்க ஒருவரை அமர்த்திய தாய், தாய்மையினின்று நீங்குவதில்லை. அமர்த்தப்பட்டவர் எப்படி நடத்துகின்றார் என்பதை அறிய அவளுக்கு ஆற்றல் இல்லையெனின், பிள்ளையை அவரிடம் விடுதல் தவறு. ஆகவே ஒழுங்குமுறை, விற்பனையின் பின் வரும் ஒட்டுச்சட்டமாக இருத்தல் ஆகாது. முதலில் காவல், அக்காவல் அரசின் சொந்தச் சபையை நெறிப்படுத்திக் காட்டட்டும், அதன் பின்னரே பிறரிடம் கொடுப்பது பற்றிய பேச்சு. சொந்தச் சபையிடம் காரணம் கேட்கத் துணியாத அரசு, பன்னாட்டுக் கம்பனியிடம் கேட்கும் என எதிர்பார்ப்பது பேதைமை.

தண்ணீர்ப் பந்தல் வைத்தல் நமது சமூகம் போற்றும் அறம். வெயிலில் நடப்பவனுக்கு மோரும் நீரும் அளிக்கும் அச்செயல் கொடுப்பவனின் பெருந்தன்மையால் நிகழ்வது. திருவிழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். நகரத்துக் குடிநீர் பந்தல் அன்று. 2010 யூலை 28இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையென ஏற்றபோது, 122 நாடுகள் ஆதரித்தன. ஒரு நாடேனும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. உரிமை எனப்படுவது கேட்டு வாங்கத்தக்கது; மறுக்கப்பட்டால் முறையிடத்தக்கது. முறையிட இடமில்லாத உரிமை மீண்டும் பந்தலாகிவிடும்.

திருகோணமலையைப் பொறுத்தவரை இவ்வுரிமை சில எளிய நிபந்தனைகளாக உருப்பெறவேண்டும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவு நீரை நிலுவைக்காக எவ்வீட்டிலும் துண்டித்தல் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் கந்தளாய் நீர் முதலில் குடிக்கும் வாய்க்கு, பின் வயலுக்கு, அதன் பின்னரே ஆலைக்கும் விடுதிக்கும் கப்பலுக்கும் என்னும் முறை முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நெருக்கடி வந்தபின் எழுதப்படும் முறை வலியவன் எழுதும் முறையாகவே அமையும். நீரின் தரம் பற்றிய சோதனை முடிவுகளும் கட்டணத்துக்கான காரணங்களும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியாதல் வேண்டும். நடத்துபவர் தவறினால் அவரை நீக்கும் அதிகாரம் எக்காரணத்தாலும் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கப்படலாகாது.

இவை மேனாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் கருத்துகள் அல்ல. கிழக்கு மாகாணத்து வயல்களில் வாய்க்கால் நீரைப் பங்கிட்டவர் வட்டை விதானையார். எந்த வரம்பு முதலில் நனையும், எது காத்திருக்கும் என்பதை அவரே தீர்த்தார். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் வயற்காரர். அவருக்குரிய நெல்லை அளந்தவர்களும் அவர்களே. 1856ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டமும் புதியதொன்றைப் புகுத்தவில்லை; விவசாயிகள் கூடிப் பழைய வழக்கங்களை மீட்டுக்கொள்ளவே வழிசெய்தது. நீரைப் பங்கிடுபவன் நீர் பெறுபவனுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதை அவ்வழக்கம் எழுத்தின்றியே காத்துவந்தது. வயலில் நிலவிய அந்நீதி, குழாய்வழி நகரை அடைந்தபோது எங்கோ வழியில் ஒழுகிப்போயிற்று. நீர்மானி வாசிப்பவர் மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வருகின்றார். குடித்தவனுடைய கணக்கு அதனால் தவறாது எழுதப்படுகின்றது. கொடுத்தவனுடைய கணக்கை வாசிக்க ஒருவர் இன்னும் நியமிக்கப்படவேண்டியுள்ளது.